தொண்ணூறு லிட்டர்

பகலெல்லாம் கடலிலிருந்து உப்பைப் பிரிக்கிற வேலை.
ஜுபைல், மூன்றாம் அலகு, பி ஷிப்ட்.
ராத்திரி அறைக்கு வந்து
அதே தண்ணீரில்
உப்பைத் திரும்பக் கலக்குகிறேன்.
"கம்பெனிக்குத் தெரிந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்"
என்கிறான் பாபுல், வெங்காயம் நறுக்கியபடி.

வாசலிலேயே கடல் இருக்கிறதே என்பான் ஜினேஷ்.
இருக்கிறது.
ஆயிரத்துக்கு நாற்பத்து மூன்று உப்பு.
நாங்கள் பிரித்துக் கொட்டுவதும் அதில் சேர்த்தி.
என் மீனுக்கு வேண்டியது முப்பத்தைந்து.

ஒரு வாளி உப்பு நூற்றுத் தொண்ணூறு ரியால்.
தூத்துக்குடிக்காரன் ஒருவன்
உப்புக்கு இந்த விலை கொடுத்தான் என்று
ஊரில் மூச்சு விடாதீர்கள்.

இரண்டு வருடமாக முப்பது லிட்டர்தான்.
கட்டிலின் கால்மாட்டில்
அரிசி டப்பா அகலத்தில் ஒரு கடல்.
சின்னத் தொட்டி தப்பை மன்னிக்காது.
ஒரு சிட்டிகை தீனி கூடிப்போன இரவில்
இறால் போனது, இரண்டு நத்தை போனது,
கோமாளி மீன் மட்டும்
மூலையில் பக்கவாட்டில் மூச்சு வாங்கியபடி
விடியும்வரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஹானிக்கு எக்ஸிட் அடித்தார்கள்.
தொட்டி, ஸ்டாண்டு, பதினோரு கிலோ கல்
எல்லாம் சேர்த்து முந்நூறு என்றார்.
என் பையில் இருந்தது நூற்றைம்பது.
"வளர்ப்பவனா, விற்பவனா?"
செல்போனில் என் மீனைக் காட்டினேன்.
பெரிதாக்கிப் பார்த்தார். வாலைப் பார்த்தார்.
ஸ்டாண்டின் இன்னொரு முனையை அவரே தூக்கினார்.

குளியலறையில் பழைய பேப்பர் விரித்து
ஒரு ராத்திரி தண்ணீர் நிரப்பி வைத்தேன்.
காலையில் இடது மூலையில்
நாலணா அளவுக்கு ஈரம்.
சிலிக்கான் பன்னிரண்டு ரியால்.
மூன்று நாள் அறையெங்கும் புளித்த காடி வாசனை.
ஒளித்துவைத்த ஊறுகாயைத் தேடி
என் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறான் ஜினேஷ்.

ஹீட்டர் வேண்டாம், ஆகஸ்ட் இனாம்.
செத்த கம்ப்யூட்டரின் விசிறி
விளிம்பில் உட்கார்ந்து நீரை ஊதுகிறது.
ஸ்கிம்மர் முந்நூற்றெண்பது,
எழுதிவிட்டு அடித்தேன்.
பதிலாக வெள்ளிக்கிழமைதோறும்
பத்து லிட்டர் எடுத்துப் பத்து லிட்டர் ஊற்றுவது.
இந்த வீட்டு ஸ்கிம்மர் என் வலது தோள்.

குடிபெயர்ப்பு ஒரு வெள்ளிக்கிழமை.
மீன், கழுவிய பிரியாணி வாளியில்.
பழைய கல்லைக் கழுவக் கூடாது,
அந்த வழுவழுப்புதான் சொத்து,
கண்ணுக்குத் தெரியாததெல்லாம் அதில்தான் குடியிருக்கிறது
என்று நான் சொல்லச் சொல்ல
பாபுல் கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தான்.
மணல் கலங்கியது. ஒன்றும் தெரியவில்லை.
மூன்று ஆண்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு
பேசாமல் நின்றோம்.
நாற்பது நிமிஷம் கழித்து
ஆரஞ்சாக ஏதோ ஒன்று திரும்பியது.

மூன்றாம் இரவு, டார்ச் வெளிச்சத்தில்,
ஹானியின் கல் இடுக்கிலிருந்து
நூல் கனத்தில் ஒரு கை நீண்டது.
பிறகு இன்னொன்று.
பாம்பு வாலை ஐந்தாகப் பிரித்து ஒட்டினாற்போல ஒரு நட்சத்திரம்.
"இக்காமா இல்லாமல் ஒருத்தன்!" என்று கத்தினான் பாபுல்.
ஒரு கை பாதியில் ஒடிந்து
நுனியில் புதிதாக முளைத்துக்கொண்டிருந்தது.
படம் எடுத்து ஹானிக்கு அனுப்பினேன்.
ஒற்றை டிக்.
மறுநாளும் ஒற்றை டிக்.
அது சவூதி நம்பர்.

நாளுக்கு ஒரு லிட்டர் குறைகிறது.
ஆவியாய்ப் போவது தண்ணீர் மட்டும்தான்,
உப்பு எங்கும் போவதில்லை.
ஆகவே ஊற்ற வேண்டியது நல்ல தண்ணீர்,
மார்க்கரில் போட்ட கோடு வரை.
எனக்கு நைட் ஷிப்ட் வந்தால் பாபுல் ஊற்றுகிறான்.
கோட்டுக்குப் பக்கத்தில்
வங்காளத்தில் ஏதோ எழுதியிருக்கிறான்.
என்னவென்று இன்னும் கேட்கவில்லை.
துடைக்கும்போது அந்த இடத்தை விட்டுத் துடைக்கிறேன்.