குதிரை வரும்வரை

செவ்வாய், வியாழன், சனி.
திபிலிசி ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடி.
நான்கு நாற்காலி, நான்கு மணி நேரம்.
இடது கையை டயாலிசிஸ் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு
மிச்சமிருக்கும் ஒற்றைக் கையால்
எந்தப் புத்தகத்தை விரித்துப் பிடிக்க முடியும்?

அதனால் எங்கள் பரிந்துரைகள்
எடையில் தொடங்கும்.
"இருநூறு கிராம்தான், நல்ல கதை" என்பாள் லமாரா,
சந்தையில் பாலாடைக்கட்டி விற்றவள்.
முதுகு ஒடிந்த பழைய பிரதிக்குத்தான் மவுசு.
விரித்தால் விரித்தபடி கிடக்கும்.
புதுசு, நண்டு மாதிரி விரலைக் கவ்வும்.

அடுத்தது தண்ணீர்.
நாளுக்கு மூன்று கோப்பைதான் எங்களுக்கு அளவு.
மீன்பிடிப் படகு நாவல் ஒன்றை
ஒதியா சத்தியம் பண்ணிக் கொடுத்தான்.
பக்கத்துக்குப் பக்கம் மழை.
எல்லோரும் எல்லோருக்கும் தேநீர் ஊற்றுகிறார்கள்.
எண்பதாம் பக்கத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட
திருப்பிக் கொடுத்தேன்.
"பாலைவனத்தில் நடக்கிறதாக ஏதாவது சொல்லு."
"அதில் இன்னும் தாகமெடுக்கும்" என்றான்.
உண்மைதான்.

ஜும்பெர் மட்டும் எடை பார்க்கமாட்டார்.
மெட்ரோவின் நகரும் படிக்கட்டுக்குக் கீழே
கண்ணாடிக் கூண்டில் முப்பது வருஷம்
இறங்குகிறவர் முகத்துக்கும்
ஏறுகிறவர் முதுகுக்கும் நடுவில் படித்தவர்.
எழுநூறு பக்கச் செங்கல் ஒன்றை
என் மடியில் வைத்தார். அட்டை இல்லை.
"மெதுவாகத்தான் போகும். திட்டாதே.
குதிரை வரும்வரை பொறு."

என்ன குதிரை?

"உறைந்த ஆற்றின் நடுவில்
சேணத்தோடு, ஆளில்லாமல் நிற்கும்.
இரண்டு கரையிலும் ஊரே கூடிக் கூப்பிடும்.
அது எந்தக் கரைக்கும் போகாது.
அவ்வளவுதான்.
ஆனால் படித்துவிட்டு
இரண்டு நாள் நான் யாரோடும் பேசவில்லை."

மூன்று வாரம் கழித்து
படித்துவிட்டேன் என்று பொய் சொன்னேன்.
"குதிரை?" என்றார்.
"ஐயோ, அந்தக் குதிரை!" என்றேன்.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

நவம்பரில் தங்கையின் சிறுநீரகம் அவருக்குப் பொருந்தியது.
குத்தாயிசிக்குப் போய்விட்டார்.
நர்ஸ் மக்வாலா நாற்காலிக்கு உறை மாற்றினாள்.
வெட்கத்தில், அன்றைக்குத்தான்
முதல் பக்கத்தைத் திறந்தேன்.

நில வழக்கு. பங்காளிச் சண்டை.
ஒரு மாமியார் எண்பது பக்கம் சாகிறாள்.
ஆறு வந்தது, உறையவில்லை.
பிறகு உறைந்தது, மேலே வாத்துகள்.
கடைசி வரிவரை குதிரை இல்லை.
கழுதைகூட இல்லை.
தாள் கிழிந்திருக்குமோ என்று
பக்க எண்களைச் சரிபார்த்தேன்.
எல்லாம் இருந்தன.

வேறு நாவலின் குதிரையா?
படிக்கட்டில் இறங்கிவந்த யாரோ ஒருவரா?
தொலைபேசி எண் இருக்கிறது.
கேட்டால், "அன்றைக்கே படித்துவிட்டாயே" என்பார்.

ஆனால் ஒன்று.
நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
நிலம் அளக்க வந்தவன் பனியில் நின்று
இரு பக்கமும் பார்த்துவிட்டு
காரணமில்லாமல் கையுறையைக் கழற்றுகிறான்.
குதிரையைத் தேடாமல் இருந்திருந்தால்
அவனைத் தாண்டிப் போயிருப்பேன்.

இன்று ஜும்பெர் நாற்காலியில் புதுப் பையன்.
ரெவாஸ். மினிபஸ் ஓட்டுநர்.
ஊசி ஏறும்போது கண்ணை இறுக்கிக்கொண்டான்.
படிக்கிற பழக்கம் உண்டா என்றேன்.
தலையை ஆட்டினான், ஆமாவா இல்லையா தெரியவில்லை.
செங்கலை அவன் வலது கைப்பக்கம் தள்ளினேன்.

"மெதுவாகத்தான் போகும்.
குதிரை வரும்வரை பொறு."

"என்ன நிறம்?"

ஜும்பெர் அதைச் சொல்லவில்லை.

"சாம்பல்" என்றேன்.
"ஒரு காது மட்டும் கறுப்பு."