டெலிவரி தேதி

எவ்வளவு நாளாகும் என்று கேட்டதும்
டாக்டர் அபிராமசுந்தரி
கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.
அந்தத் திரும்பல் எனக்குத் தெரியும்.
பன்னிரண்டு வருசமாகச் சென்னை பையிங் ஆபீசுக்கு
நானும் அப்படித் திரும்பிக்கொண்டுதான்
தேதி சொல்கிறேன்.

"இருபத்தி நாலு செட்டுங்க, செட்டுக்கு ரெண்டு வாரம்.
ஒரு வருசம்னு வெச்சுக்கலாம்.
கூடக் கொறைய ஆகலாம்."
கொறைந்ததாகத் திருப்பூரில் சரித்திரமில்லை.

திரையில் என் பற்கள்
ஒரே நிமிசத்தில் நேராகிக் காட்டின.
சிங்கப்பல் மெதுவாக இறங்கி வந்து
டோக்கன் வாங்கினவளைப் போல வரிசையில் நின்றது.
இன்னொருக்கா போடுங்க என்றேன்.
முப்பத்தி ஒம்பது வயசு
இன்னொரு நிமிசத்தில் நேரானது.

ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்த பணம்.
வீட்டில் கேட்டதற்கு
மெசின் சர்வீஸ் என்றேன்.
பொய்யென்று சொல்ல முடியாது.

ஆடிப் பதினெட்டு கழிந்து முதல் செட்டு.
கையில் எடுத்தால் எடையே இல்லை.
வாயில் மாட்டினால் இரண்டு நாளைக்கு
உள்ளிருந்து யாரோ விரலால் தள்ளினார்கள்.
நாளில் இருபத்திரண்டு மணி நேரம் போட வேண்டும்.
மிச்ச இரண்டு மணியில் சோறு, டீ, பிரஷ்.
பதினோரு மணி டீயை விட்டுவிட்டேன்.
ஏனுங்க, எம்மேல கோவமா என்றான் டீக்கார மாரப்பன்.

முதலில் 'ச' வழுக்கியது.
எங்கள் கம்பெனியில் எல்லாமே சனாவில்தான் தொடங்கும்:
சாம்பிள், சைஸ், சரக்கு, சம்பளம்.
"சொல்லுங்க சார்" என்று போனை எடுத்தால்
யாருங்க பேசறது என்றார்கள்.

செட்டுக்குக் கால் மில்லிமீட்டர்.
எங்கள் அளவு நாடாவில் அப்படியொரு கோடே கிடையாது;
பனியனில் அரை சென்டிமீட்டர் தப்பினாலும்
பையர் ஒத்துக்கொள்வான்.
எலும்பு முன்னால் கரைந்து வழிவிடுமாம்,
பின்னால் கட்டிக்கொண்டே வருமாம்.
நைட் ஷிப்டில் அட்டைப்பெட்டி எண்ணும்போது
எனக்குள்ளும் ஒரு டேபிளில் பிரிக்கிறார்கள்,
அடுத்த டேபிளில் தைக்கிறார்கள்.

ஒன்பதாவது செட்டைக் காங்கயத்தில் தொலைத்தேன்.
கல்யாணப் பந்தியில் டிஷ்யூவில் சுற்றி
இலையோரம் வைத்தது.
கை கழுவித் திரும்புவதற்குள் இலையே இல்லை.
மண்டபத்துக்குப் பின்னால்
பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
எச்சில் இலைகளைப் புரட்டினேன்.
இலையெடுக்கும் அம்மா செல்போன் வெளிச்சம் பிடித்தார்.
"என்னங்க அம்மணி, தோடுங்களா?"
"பல்லுங்க."
என் வாயைக் குனிந்து பார்த்தார்.
"எல்லாம் இருக்குதுங்களே."

புதுசு வர மூன்று வாரம்.
அதுவரை பழைய எட்டாவது
கொஞ்சம் முறைத்துக்கொண்டு என்னைச் சேர்த்துக்கொண்டது.

ஷிப்மென்ட் வாரங்களில்
பதினாறு மணி நேரம்தான் போட்டேன்.
நான் சொல்லவில்லை.
பல் சொல்லிவிட்டது.

இருபத்தி நாலும் முடிந்தபோது மறு ஐப்பசி.
சிங்கப்பல் மட்டும் பாதியில் நின்றிருந்தது,
பஸ் ஸ்டாண்டில் யாரோ கூப்பிட்டாற்போலத்
தலையைத் திருப்பி.
மறுபடி ஸ்கேன். இன்னும் எட்டு செட்டு.
"காசு எதும் வேண்டாங்க, நாள் மட்டுந்தான்."
எங்கள் பாசையில்
இதற்குப் பேர் ஆல்டர் பீஸ்.

சித்திரையில் கண்ணாடி நீட்டினார்.
நேராகத்தான் இருந்தது.
எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத
சமத்தான ஒரு வாய்.
பிறகு இன்னொரு தட்டையும் நீட்டினார்.
ராத்திரிக்கு மட்டும்;
இல்லாவிட்டால் பழைய இடத்துக்கே போகப் பார்க்கும்.

"எவ்வளவு நாளைக்குங்க?"

இந்த முறை அவர் திரும்பிக்கொள்ளவில்லை.
"நீங்க இருக்கற வரைக்கும்."

அவிநாசி ரோட்டில் இறங்கியதும் போன் அடித்தது.
சரக்கு எப்போதென்று சென்னை கேட்டது.
சீக்கிரம் சார், சீக்கிரம் என்றேன்.
இரண்டு முறையும்
'ச' சுத்தமாக விழுந்தது.