ஆண், ஜன்னல், தலைவலி

மூன்று வருடமாக
டான்யூப் நதிமேல் சூரியனை இறக்கிக்கொண்டிருந்தேன்.
ரூசே துறைமுகத்தின் கிரேன்கள் கறுத்து நிற்க
எதிர்க்கரை ருமேனியா பற்றியெரியும்.
நாலாயிரத்துச் சொச்சம் படங்கள்.
விற்றவை பதினொன்று.
ஊருக்கு ஊர்
அவரவர் சூரியனை வைத்திருக்கிறார்கள் போல.

மார்ச்சில் சமையலறைக் குழாய் உடைந்தது.
மேல்மாடி பென்யோ ஸ்பானரோடு வந்து
தொட்டிக்கடியில் நுழைந்தார்.
காப்பீட்டுக் கம்பெனிக்கு அனுப்ப எடுத்த படம்:
நீல வாளி, நனைந்த சட்டைக்கை.
சும்மாதான் ஏற்றிவைத்தேன்.
விடிவதற்குள் ஆறு பேர் வாங்கியிருந்தார்கள்,
தலைக்கு முப்பத்துமூன்று சென்ட்.

அழகு என்று தட்டச்சு செய்து
யாரும் தேடுவதில்லை.
ஒழுகுவதைத் தேடுகிறார்கள்.

அதன்பின் சொந்த வீட்டையே சுற்றி வந்தேன்
ஜப்தி செய்ய வந்தவளைப் போல.
குளியலறைப் பூஞ்சை. விற்றது.
சீப்பில் சுருண்ட முடி. விற்றது.
மின்கட்டணச் சிவப்பு நோட்டீஸ்,
பெயரையும் முத்திரையையும் அழித்த பிறகு,
ஒரே வாரத்தில் நாற்பது முறை.
(கட்டணத்தை அதை வைத்தே கட்டினேன்.)
இடப்பக்கம் கொஞ்சம் வெறுமை விடக் கற்றேன்,
முகம் தெரியாத யாரோ
தன் வாசகத்தைக் கொண்டுவந்து உட்காரவைக்க.

ஒரு ஞாயிறு பென்யோவைக் கேட்டேன்,
ஜன்னலோரம் நெற்றியைப் பிடித்தபடி
உட்கார முடியுமா என்று.
சம்மதப் படிவத்தில் கையெழுத்து,
பதிலுக்கு ஒரு புட்டி ராக்கியா.
உட்கார்ந்தார்.
அவர் நடிக்கவில்லை என்பது
லென்ஸுக்கு உடனே தெரிந்தது,
எனக்குக் கொஞ்சம் பிந்தி.

குறிச்சொற்கள் போட்டேன்:
ஆண், ஜன்னல், தலைவலி, கவலை, கடன்,
காலை வெளிச்சம், கம்பளிச் சட்டை…
ஐம்பதுக்கு இடமுண்டு.
நாற்பத்தொன்பதில் கை நின்றது.
ஸ்தெவ்கா இறந்து எட்டு மாதம்.
அது படத்தில் இல்லை.
படத்தில் இல்லாததை எழுதினால்
தள்ளிவிடுவார்கள்.

இலையுதிர்காலத்தில் அவர் மகள்
கிராட்ஸ் நகரத்திலிருந்து அனுப்பினாள்:
மருந்துக்கடைக் கண்ணாடியில்
ஆளுயரத்துக்கு அப்பா,
தோளருகே ஒரு மாத்திரை டப்பா.
பென்யோ மாடியிறங்கி வந்து காட்டினார்.
கிராப்பு நன்றாக விழுந்திருக்கிறது என்றார்.
பிறகு, கதவருகே திரும்பி,
"அடுத்த தடவை
சிரிக்கிற மாதிரி ஒன்று எடுப்போமா, போகுமா?"

சிரிக்கும் ஆண்கள் அங்கே
லட்சக்கணக்கில் தேங்கிக் கிடக்கிறார்கள்.
சொல்லவில்லை.
விளக்கைக் கொஞ்சம் நகர்த்திவைத்து
நாற்காலியைத் துடைத்தேன்.