விசாரிப்பு

சபையின் கணக்கு நோட்டு என்னிடம்தான்.
செப்டம்பர் பக்கத்தில்
பாடகர் குழுவின் கிறிஸ்மஸ் அங்கிக்கென்று
பதினொரு மாதமாய்ச் சேர்ந்த தொகையை
ஒரே கோட்டில் அடித்தேன்.
கீழே எழுதினேன்:
தகரம் ஆறு. ஆணி இரண்டு கிலோ.
குடை ஆணியா, சாதா ஆணியா என்று
கடைக்காரன் கேட்டபோதுதான்
கூரையைப் பற்றி எனக்கொன்றும் தெரியாதென்று
எனக்கே தெரிந்தது.

அடோயோவின் வீடு
விக்டோரியா ஏரிக்கு முதுகைக் காட்டி நிற்கிறது.
ஒகுமுவின் படகு கவிழ்ந்த மார்ச்சிலிருந்து
அவளும் அப்படித்தான் உட்காருகிறாள்.
ஒமேனாப் பொடிமீனைக் கரையில் உலர்த்தும்போதுகூட
வலையைப் பார்ப்பாள்,
தண்ணீரைப் பார்க்கமாட்டாள்.

கூரை ஒழுகியது.
கொழுந்தன் ஒபுரா வந்து விசாரித்தான்:
எப்போது என் வீட்டுக்காரி ஆகப்போகிறாய்?
குலத்துப் பெரியவர்கள் வந்து விசாரித்தார்கள்:
நீ ஒருவனை ஏற்காமல்
உன் கூரையில் எந்த ஆண் ஏறுவான்?
அதிகாரி வந்து விசாரித்தார்,
நிலம் யார் பெயரில் என்று.
மழையும் விசாரித்தது,
இரவு இரண்டு மணிக்கு,
பிள்ளைகள் படுத்திருந்த பாயின் நடுவில்.

எங்கள் வேதத்திலும் அந்தச் சொல்தான்.
விதவைகளை விசாரிக்க வேண்டும்.
பாஸ்டர் சைலஸ் அதை
மூன்று ஞாயிறு பிரசங்கித்தார்.
மூன்றாம் ஞாயிறு,
ஜெபத்துக்கும் காணிக்கைக்கும் நடுவே
ரிஸ்பா எழுந்தாள்.
"விசாரித்தது போதும், பாஸ்டர்.
ஏணி யாரிடம் இருக்கிறது?"

ஏணி என்னிடம் இருந்தது.

சனிக்கிழமை ஐந்து பேர் வந்தார்கள்.
ஐவருக்கும் கணவர்கள் கல்லறையில்.
வில்கிஸ்தா பாவாடைக்குள்
செத்துப்போனவனின் காற்சட்டையை மாட்டியிருந்தாள்.
பெரஸின் உதடுகளுக்கிடையே ஆறு ஆணி;
அன்றுதான் அவள் பேசாமலிருந்து பார்த்தேன்.
என்னைக் கள்ளிவேலிக்கு வெளியே நிறுத்தினார்கள்.
"நீ ஏறினால்
நாளைக்கு உன்னையே அவளுக்குக் கட்டிவைப்பார்கள்.
உன் மனைவிக்கு யார் பதில் சொல்வது?"
ஆக, சபையின் பொருளாளன்
வேலிக்கு வெளியே நின்று
ஆணிகளை எண்ணி எண்ணிக் கொடுத்தேன்
ஒமோல்லோவின் கையில்.

ஒன்பது வயது அவனுக்கு.
அவனையும் தங்கையையும்
'திக்கற்ற பிள்ளைகள், இரண்டு' என்று
நோட்டில் எழுதிவைத்திருந்தேன்.
மாதம் பத்துக் கிலோ சோளமாவு.

வேலிக்கும் கூரைக்குமாய் ஓடிக்கொண்டிருந்தவன்
சட்டென்று நின்று
மூக்கை உயர்த்தினான்.
"தெற்கிலிருந்து வருகிறது!
அந்த மூலையை முதலில் அடியுங்கள்!"
பிறகு, ஆணியைப் பார்த்தபடி,
"அப்பாவுக்கும் நான்தான் சொல்வேன்.
அன்றைக்கு மட்டும்
பள்ளிக்கூடம் போயிருந்தேன்."

சுத்தியல் நின்றது.
கூரைமேல் இருந்தவர்கள்
அவன் காட்டிய திக்கைப் பார்த்தார்கள்.
கீழே, தகரத்தின் ஓரத்தைப் பிடித்திருந்த அடோயோவும்
திரும்பினாள்.
ஏரி அங்கேதான் இருந்தது,
கறுத்து, அகலமாய்.

பெரஸ் வாயிலிருந்து ஓர் ஆணியை எடுத்து
தென்மூலையில் அடித்தாள்.

மழை வந்தது. ஒபுராவும் வந்தான்.
வாசலில் நின்று கூரையை எண்ணினான்,
பழையது பதினான்கு, புதியது ஆறு.
"நனையாதே, உள்ளே போ,
தேநீர் கொதிக்கிறது" என்றாள்
ரிஸ்பா, மேலிருந்தே.
அவன் உள்ளே போகவில்லை.
திரும்பியும் போகவில்லை.

இன்னும் ஓரிடம் ஒழுகுகிறது, அடுப்புக்கு நேர் மேலே.
ஐவரும் கிறிஸ்மஸுக்கு
அங்கியில்லாமல் பாடினார்கள்;
வில்கிஸ்தா மட்டும் அதே காற்சட்டையில்,
இந்த முறை பாவாடை இல்லாமல்.

வருடக் கடைசியில் நோட்டைத் திறந்து
'திக்கற்ற' என்ற சொல்லை அடிக்கப் பேனாவை வைத்தேன்.
கிசுமு அலுவலகம்
அந்தச் சொல்லுக்குத்தான் மாவு அனுப்புகிறது.
மையின் ஒரு புள்ளி மட்டும் அதன்மேல் விழுந்தது.
அப்படியே மூடினேன்.