ஊமைக் கட்டை

பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாசனை.
கோவாக்காரி வீட்டுப் பரண்,
ஊறுகாய் ஜாடி ஏதோ உடைந்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.
இல்லை. டேப்பே அழுகிக்கொண்டிருந்தது.
எந்த வருடம் என்று கேட்டார்கள்.
உறைமேல் தேதி இல்லை,
சலவைக் கணக்கு இருந்தது:
கவுன் இரண்டு, தலையணை உறை நாலு,
சிகரெட் சுட்ட மேஜைவிரிப்பு ஒன்று.

பைகுல்லா கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள்.
முப்பத்தெட்டு மாடி வருகிறதாம்.
மெல்போர்ன் அண்ணன் மகன்
சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் பறந்தான்.
பழைய பேப்பர்காரன் தராசிலிருந்து
வாட்ச்மேன் ராம்கிலாவன் மீட்டது தகர டப்பாவை,
கோதுமை மாவு போட்டுவைக்க.
டேப்புகள் கூடவே வந்தன.

எர்மெலிண்டா கொலாசோ,
உங்களை எனக்கு முன்பின் தெரியாது.
சயான் கோலிவாடாவில் எங்கள் தெருவில்
பியானோவைப் பார்த்தவர்கள் சினிமாவில்தான் பார்த்தார்கள்.
அந்தேரியில் ஜன்னல் இல்லாத அறையில்
இரைச்சல் நீக்குவது என் பிழைப்பு.

பதினோரு இரவுகள் உங்களோடு இருந்தேன்.
சர்ச்கேட் ஓட்டலில் கடைசி ஆள் போனபின்
நாற்காலிகளைக் கவிழ்த்துப்போடும் சத்தம்.
அதற்குப் பிறகுதான் நீங்கள் தொடங்குகிறீர்கள்.
இரண்டாவது டேப்பில் யாரோ தும்ம,
தாளம் பிசகாமல் ஒரு தட்டுத் தட்டிப் பதில் சொல்கிறீர்கள்.
ஐந்தாவதில் மழை.
ஐந்தாவதில் உங்களைவிட மழைதான் அதிகம்.

மூன்றாம் நாள்தான் பிடிபட்டது:
நடுவில் ஒரு கட்டையை நீங்கள் தொடுவதேயில்லை.
கை அங்கே வருகிறது, தாண்டிப் போகிறது,
முழங்கால் வெள்ளத்திலும்
மூடியில்லாக் குழி எங்கே என்று தெரிந்த கால் மாதிரி.
உங்கள் பாணி என்று குறித்துவைத்தேன்.
தயக்கத்தின் அழகியல் என்று
ஒருவர் பின்னால் எழுதவும் செய்தார்.
கட்டை செத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.
ஓட்டல் முதலாளி பழுதுபார்க்கவில்லை.

எட்டாவது டேப்பின் முடிவில்
நீங்கள் தாண்டவில்லை.
அதன்மேலேயே விரல் வைக்கிறீர்கள்.
டொக்.
மரத்தில் மரம்.
மறுபடியும், டொக்.
இடக்கை கீழே நடந்துகொண்டிருக்க
வலக்கை அந்த ஒன்றை மட்டும்,
திறக்காத கதவைத் தட்டுபவள்போல. இல்லை,
அப்படியில்லை.
திறக்காது என்று தெரிந்துபோன பிறகு
தட்டுவதில் ஒரு குஷி உண்டே, அப்படி.

தயாரிப்பாளர் கேட்டார்:
பக்கத்து ஸ்வரத்தை எடுத்து
கொஞ்சம் இழுத்து அங்கே ஒட்டிவிட முடியுமா?
முடியும். நாற்பது நொடி வேலை.
செய்தேன்.
மிக அழகாக இருந்தது.
யாரோ ஒருத்தி ஓட்டலில் பியானோ வாசித்தாள்.

பழைய கோப்பையே அனுப்பினேன்,
சரிசெய்துவிட்டதாக எழுதி.
கேட்டுவிட்டு, பெர்ஃபெக்ட் என்றார்.

வெளியீடு லோயர் பரேலில்,
மில் இருந்த இடத்தில் இப்போது இருக்கும் பாரில்.
சுவரளவு உங்கள் படம், பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
எட்டாவது ஓடும்போது
டிரேயோடு நின்ற பையன் மட்டும்
யார் தட்டுவது என்று திரும்பிப் பார்த்தான்.

மறுநாள் தட்டு ஒன்றும்
சம்பளத்தில் கொஞ்சமும் எடுத்துக்கொண்டு
பைகுல்லா போனேன்.
ராம்கிலாவன் இசைத்தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
டப்பாவை மூன்று தடவை கழுவியும்
ரொட்டி புளிக்கிறதாம்.
மாவை மாற்றிவிட்டார்கள்.
இப்போது அதில் ஆணி போட்டுவைத்திருக்கிறார்கள்.