வலம் சாய்ந்த படம்

நகரி பஸ்ஸிலிருந்து ஒயர்கூடையோடு இறங்கினார்
தறிக்காரர் தாமோதரம்.
கூடைக்குள் பங்காரு. பதினோரு வயசு.
முன்னங்கால் விரலொன்று திராட்சைபோல் வீங்கி
நகம் ஒருபக்கமாய்த் திரும்பியிருந்தது.
பாவுக்கட்டையில் அடிபட்டிருக்கும் என்றார்.

காலைப் படமெடுத்தேன்.
விரலெலும்பின் நுனியை ஏதோ அரித்திருந்தது.
டாக்டரம்மா சற்று நேரம் பேசவில்லை.
பிறகு, "நெஞ்சையும் எடுத்துடு, தேசிங்கு."

"நொப்பி கால்லதானே? நெஞ்சு எதுக்கு?"

பூனைகளுக்குச் சில சமயம் அப்படித்தான்.
நுரையீரலில் குடியிருப்பது
இருமாமல், இளைக்காமல்,
விரல்வரை நடந்துவந்து நொண்டும்.
நான் சொல்லவில்லை.
படம் எடுப்பதுதான் என் வேலை.

ஈயக் கவசத்தை அவருக்கு மாட்டிவிட்டேன்.
"இத்தனை கனமா" என்று சிரித்தார்.
வலப்பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டோம்.
மூச்சு நிறையும் நொடிக்குக் காத்திருந்தேன்.
பள்ளிப்பட்டில் கரண்ட்டும்
அதே நொடிக்குக் காத்திருந்து போகும்.
இன்று போகவில்லை.
விலா வரிசை, நடுவில் இதயம்,
மற்றதெல்லாம் நல்ல கறுப்பு.
காற்று கறுப்பாகத்தான் விழும்.

இடப்பக்கம் புரட்டினோம்.
கீழே அமுங்கிய நுரையீரல் சுருங்கிக்கொள்ளும்,
தன்னிடம் உள்ளதைக் காட்டாது.
மேலிருப்பதுதான் விரிந்து காட்டும்.
இப்போது வலது மேலே.
பின்மடலில்
புளியங்கொட்டை அளவுக்கு வெள்ளை.

தாமோதரம் எட்டிப் பார்த்தார்.
"தெல்லகா உந்தி. மஞ்சிதே கதா?"
கறுப்புப் பாவில் ஒரு வெள்ளை இழை ஓடினால்
தறியை நிறுத்துகிற மனிதர்.
நான் வாய் திறக்குமுன்
அவர் சிரிப்பு நின்றது.
"பஞ்சா?" என்றார், மெதுவாக.

மல்லாத்தியும் ஒன்று எடுத்தோம்.
அதிலும் இருந்தது.

டாக்டரம்மாவின் தெலுங்கு
மாடு, கன்று, சினை ஊசிக்குப் போதும்.
இதற்குப் போதவில்லை.
பாதியில் தமிழுக்கு வந்து
விரலை எடுத்தும் பயனில்லை என்றார்.
வலிக்கு மருந்து எழுதினார்.
எத்தனை மாசம் என்று அவர் கேட்கவில்லை.
பால் கொடுக்கலாமா என்று கேட்டார்.

பணம் எண்ணும்போது சொன்னார்:
"எல்லாப் படமும் வேணாம்.
அந்த மொதல் படம். வலப்பக்கம் சாய்ச்சோமே,
அது ஒண்ணு போதும்.
வீட்ல காட்டணும்."

உறைக்குள் போட்டுக் கொடுத்தேன்.
பெயர், தேதி, எல்லாம் சரியாக.
பொய்ப்படம் இல்லை அது.

ஒன்றரை மணி நகரி பஸ் வந்தது.
மடங்காமல் உறையை நெஞ்சோடு அணைத்து,
இன்னொரு கையில் கூடை.
உள்ளே பங்காரு சாய்ந்து படுத்திருந்தது.
எந்தப் பக்கம் என்று
நான் பார்க்கவில்லை.