பொருள் விவரம்: மீன் ஒன்று

வீணாய்ப்போன எக்ஸ்ரே படங்களில்
மீன் வெட்டுகிறேன்.
ஆள் அசைந்ததால் கெட்டவை,
இடம் வலம் மாறியவை,
'மூச்சைப் பிடிங்க' என்றதும்
இருமிவிட்டவர்களின் நெஞ்சுகள்.
பெயர் இருக்கும் ஓரத்தை முதலில் நறுக்கிப்
பொடிப்பொடியாக்கி விடுவேன்.
அதில் மட்டும் கறார்.

விலா எலும்பு இருக்குமிடத்தில்
மீனின் முதுகு வரும்படி வைத்து வெட்டினால்
முள் தானாக அமைந்துவிடும்.
கண்ணுக்கு ஒரு துளை.
வாலுக்கு, கிடைத்தால், யாருடையதோ விரல்கள்.

காசிமேட்டில் இது விலை போகாது.
விடுதி அறையில் மாட்டினால்
'அடுத்தவங்க எலும்புக்கு நடுவுல
எப்படிடி தூங்குறது' என்கிறாள் ஜெனோவா.

அதனால் கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிறேன்.
இருபத்தொன்பது சி பேருந்தின் ஜன்னல் இடுக்கில்.
தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் குடங்களின் வரிசையில்,
யாருடைய இடத்தையும் பிடிக்காமல்.
ஏடிஎம்மில், காசு வராத வாய்க்கு மேலே.
வைக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும்
திருடுகிறவளுக்கு அடிப்பதுபோல.
அவளாவது எதையோ எடுக்கிறாள்.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று ஒரு விதி.
மூன்று முறை மீறியிருக்கிறேன்.
ஒருமுறை ஒரு பொடியன்
மோந்து பார்த்து, பிறகு நக்கியும் பார்த்தான்.
ஒருமுறை ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர்
அதைப் பர்ஸில் வைத்தார்,
ஆதார் அட்டைக்குப் பின்னால். சத்தியமாக.
இன்னொரு முறை மழை. யாரும் வரவில்லை.

போன மாதம்
முண்டகக்கண்ணியம்மன் கோயில் ரயில் நிலையம்,
இரண்டாம் நடைமேடை, பாதி உடைந்த கல் இருக்கை.
நான் வெட்டியதிலேயே பெரியது.
பறக்கும் ரயில் என்று பேர்,
பறப்பதெல்லாம் புறாக்கள்.
கீழே கால்வாய்.
அதில் மீன் உண்டா என்று கேட்டால் சிரிப்பார்கள்.

மறுநாள் அதே நிலையத்தில்
நிஜமாகவே குடையைத் தொலைத்தேன்.
நிலைய அதிகாரி நீளமான பேரேட்டைப் பிரித்து
என் பக்கம் திருப்பினார்.
குடை இல்லை.
விரல் வைத்த வரிக்கு மேல் வரியில்:

பொருள் விவரம்: மீன் ஒன்று. கறுப்பு. பிளாஸ்டிக் போன்றது.
நீளம்: ஒரு சாண்.
ஒப்படைத்தவர்: போலம்மா, துப்புரவு.
உரியவர்:

அதற்கப்புறம் வெறும் கோடு.

கையெழுத்து தெலுங்கில், வட்டம் வட்டமாக.
கூட்டித் தள்ளுவதற்கே சம்பளம் வாங்குகிறவள்
இதைக் கூட்டித் தள்ளவில்லை.
யாராவது தேடுவார்கள் என்று
அத்தனை படியும் இறங்கி வந்திருக்கிறாள்.

'உங்களுதா?' என்றார்.
அலமாரியில்,
ஒரு டிபன் கேரியருக்கும் ஒற்றைச் செருப்புக்கும் நடுவே,
கட்டை மேல் கறுப்பாகக் கிடந்தது.
பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால்தான் அதற்கு எலும்பு.
கல் மேல் வைத்தது என் தப்பு.

என்னுடையது என்றால் அடையாளம் கேட்பார்.
ஐந்தாம் விலாவில் ஆறிப்போன முறிவு ஒன்று
என்று சொல்ல முடியும்.
அது என் விலா இல்லை.
இல்லை என்றால்
தொண்ணூறு நாள் வைத்திருப்பார்களாம்,
பிறகு ஏலமாம், கேட்பாரில்லாவிட்டால் குப்பையாம்.
அங்கே தள்ளப் போகிறவளும் போலம்மாதான்.

'குடைதான் சார் என்னுது.'

வெளியே வந்ததும் மழை பிடித்துக்கொண்டது.

இப்போதெல்லாம் வாலருகே ஊசியால் கீறுகிறேன்:
தொலையவில்லை, எடுத்துக்கொள்.
தெலுங்கிலும் முயல்கிறேன்.
மெஸ்காரர் சுப்பாராவ் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துக் கீறினாலும்
வட்டங்கள் மூடிக்கொள்ள மாட்டேன் என்கின்றன.

நேற்று எட்டரை மணி ரயிலுக்கு ஓடும்போது
அந்த அறையை எட்டிப் பார்த்தேன்.
யாரோ மீனை எடுத்து
ஜன்னல் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.
டேப் கோணல். மீன் தலைகீழ்.
வெயில் அதன் வழியே இறங்கி
பேரேட்டின் மேல் முள்முள்ளாக விழுந்திருந்தது.

உள்ளே போய்க் கேட்டேன்.
குடை இன்னும் வரவில்லையாம்.